எந்தப் பக்கம் ஒரிஜினல்?

“கம்பெனி லைட்டா, வெளி லைட்டா? ஒரே வார்த்தையில சொல்லிரு டீச்சர். எனக்குத் தலை சுத்துது.”

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் ஆவுடையப்பன் பட்டறைக்குள் நுழைந்தார். சௌக்கியமா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. பாவம், ஒரு மாசமாக மனுசனுக்கு இதே நினைப்புதான்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ஜெபக்கனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. தென்காசியில், கடையம் ரோட்டில், கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவள்; முடித்ததும் தானே ஓட்டிப் பார்த்துத்தான் வண்டியைக் கொடுப்பாள். வயசு முப்பத்தாறு. யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு அவள் ஒரு கேள்வி கேட்பாள். அதனால் டிரைவர்கள் வைத்த பெயர் அது.

ஆவுடையப்பனுக்கு வயசு ஐம்பத்தெட்டு. முப்பது வருஷ டிரைவர், சொந்தக் கார். சிஷ்யன் என்றால் மீசை முளைக்காதவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் எல்லாம் சிஷ்யன்தான்.

“உக்காருங்க அண்ணாச்சி. என்ன செய்யுது?”

“எனக்கு என்ன? நான் கல்லு மாதிரி இருக்கேன். வண்டிக்குத்தான்.”

ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். இரண்டு ஹெட்லைட் கண்ணாடியும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. எட்டு வருஷ வெயில்.

“மாத்த வேண்டியதுதான்.”

“மாத்தணும்னு எனக்கே தெரியும். எதைப் போட? அதுலதானே மண்டை காயுது.”

அவர் கேட்காத ஆள் பாக்கி இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் ஒருத்தர், கம்பெனி லைட்டுதான் அளவாக விழும், உள்ளே மழைத்தண்ணி இறங்காது என்றார். இன்னொருத்தர், அதெல்லாம் பெட்டிக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கிற காசு, வெளியார் செய்கிற வெளி லைட்டு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வெள்ளை வெளேரென்று அடிக்கும் என்றார். அப்படி அடித்ததை வாங்கிப் போட்ட ஆவுடையப்பனின் மச்சினர், ஒரே வருஷத்தில் கிளிப் எல்லாம் உடைந்து லைட்டை நூலால் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். போனில் பேசுகிற வீடியோக்காரன் ஒருத்தன் இரண்டையும் புகழ்ந்து தொலைத்தான்.

“உங்களுக்கு எது தோணுது?”

“எனக்குத் தோணுனா உங்கிட்ட எதுக்கு வாரேன்?”

“முப்பது வருஷத்துல எத்தனை லைட்டு மாத்தியிருப்பிய. இப்ப மட்டும் ஏன் இம்புட்டு விசாரம்?”

ஆவுடையப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டியூசன் முடிஞ்சு ஆறு பிள்ளைகளைப் பாவூர்சத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போறேம்லா.”

“ஆமா.”

“போன மாசம். பொழுது மசங்குன நேரம். வலது பக்கத்துல இருந்து ஒரு ஆளு, சைக்கிள்ல புல்லுக்கட்டை வச்சு உருட்டிட்டு ரோட்டைக் கடந்து வாரான். நான் பாக்கல டீச்சர். சத்தியமாப் பாக்கல. பின்னால இருந்த பிள்ளை ஒண்ணு ‘மாமா’ன்னு கத்துச்சு. பிரேக்கை மிதிச்சேன். ஒரு சாண்தான் மிச்சம்.”

“அந்த ஆளு?”

“கண்ணு என்ன பிடரியிலயா இருக்குன்னு ஏசிட்டுப் போனான். ஏசட்டும். அந்தப் பிள்ளை கத்தலைன்னா அவன் செத்திருப்பான். நான் வண்டியை ஒடிச்சிருந்தா ஆறு பிள்ளைகளோட ரோட்டோரக் குளத்துக்குள்ள போயிருப்பேன். அன்னையில இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல.”

கையைப் பிசைந்தார்.

“பெத்தவங்க, ஆவுடையண்ணன் வண்டின்னா கவலை இல்லன்னு சொல்லி ஏத்தி விடுதாங்க. லைட்டு மட்டும் நல்லா இருந்தா அன்னைக்கு அவன் என் கண்ணுக்குத் தப்புவானா?”

ஜெபக்கனி கையைத் துணியில் துடைத்தாள்.

“போய் டீ குடிச்சிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க.”

அவர் திரும்பி வந்தபோது புது லைட் இரண்டும் பொருத்தியாகிவிட்டது. ஆவுடையப்பன் முதல் வேலையாகக் குனிந்து லேபிளைத் தேடினார். லேபிள் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும்.

“என்னம்மா இது?”

“மூணு நாள் ஓட்டுங்க. எந்தப் பக்கம் ஒரிஜினல்னு வந்து சொல்லுங்க.”

“இது என்ன கண்ணாமூச்சி விளையாட்டு?”

“எதுன்னு தெரிஞ்சா விலையைப் பாப்பிய. தெரியலைன்னாதான் வெளிச்சத்தைப் பாப்பிய. டேப்பைப் பிரிச்சியன்னா இந்தப் பக்கம் வரப்படாது.”

ஒரு பக்கம் கம்பெனி, மறு பக்கம் வெளி என்று ஆவுடையப்பன் புரிந்துகொண்டார். சரியான கைகாரி என்று மனசுக்குள் மெச்சவும் செய்தார்.

மூன்று நாளும் வண்டியை உருட்டு உருட்டென்று உருட்டினார். “மாமா, டிராக்டர் முந்திட்டுப் போகுது” என்று பிள்ளைகள் சிரித்தன. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் நாளே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் புளியமரங்களில் அடித்திருக்கிற வெள்ளைப் பட்டையை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. வலது ஓரம் புகை போட்ட மாதிரி கிடந்தது. எதிரே ஒருத்தன் டிம் அடிக்காமல் வந்துவிட்டால் வலது பக்கம் மொத்தமும் காணாமல் போனது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சந்தேகமே இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் நாலரைக்கு, முதல் ரேங்க் வாங்கின பையன் மாதிரி வந்து நின்றார்.

“இடது பக்கம் ஒரிஜினல். வலது பக்கம் டூப்ளிகேட்.”

“நெசமாவா?”

“கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டுமா? ரெண்டையுமே ஒரிஜினலாப் போட்டுரு. காசு போனாப் போகுது, பிள்ளைக தலையெழுத்துல நான் மிச்சம் பிடிக்கக் கூடாது.”

ஜெபக்கனி டேப்பைப் பிரித்தாள். இடது பக்கம் கம்பெனி லேபிள். வலது பக்கமும் கம்பெனி லேபிள். ஒரே எழுத்து, தயாரித்த மாசமும் ஒன்றே.

“ரெண்டும் கம்பெனிதான் அண்ணாச்சி.”

“ஒண்ணுதான் கம்பெனின்னு சொன்னே?”

“சொன்னேனா? எந்தப் பக்கம் ஒரிஜினல்னுதானே கேட்டேன்?”

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்னைய என்ன கேணப்பயன்னு நெனச்சியா? முப்பது வருஷமா இந்த ரோட்டைப் பாக்கிறவன். மங்கல்னா மங்கல்தான். கடைக்காரன் உனக்குக் கழிச்சுப்போட்ட பீசைத் தள்ளிவிட்டுட்டான்.”

ஜெபக்கனிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தொழில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். கோளாறு என்று எவன் வந்தாலும் பல்பில் தொடங்குவாள். அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வருவாள். நடுவில் ஒன்றையும் தாண்ட மாட்டாள். கவர்மெண்ட் ஜீப்பே வந்து நின்றாலும் அப்படித்தான்.

ஷட்டரை இறக்கினாள். பட்டறை இருட்டானது. லைட்டைப் போட்டாள். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது.

“இப்ப எது மங்கல்?”

ஆவுடையப்பன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செவுத்துல ஒண்ணுபோலத்தான் இருக்கு. ரோட்டுலதான் மங்குது.”

“சரி.”

பல்பை இடம் மாற்றிப் போட்டாள். ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தாள். துரு இல்லை. வயரில் மீட்டரை வைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே கணக்கு. ரிலேயைத் தட்டினாள். முன் கண்ணாடியைச் சோப்பு போட்டுத் துடைத்தாள். கடைசியில் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்விட்சைப் பிரித்து, ஊதி, மாட்டினாள்.

ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

“சீக்கிரம் பாரும்மா. ஆறரைக்குப் பிள்ளைகள் டியூசன் வாசல்ல நிக்கும்.”

“ஸ்விட்ச் வரைக்கும் வந்துட்டேன். ஸ்விட்சுக்குப் பின்னால என்ன இருக்கு அண்ணாச்சி?”

“ஸ்விட்சுக்குப் பின்னால என்ன இருக்கும்? என் கைதான் இருக்கும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இறங்கி, காரைச் சுற்றி வந்தாள். வலது பக்கம் நின்று சைடு கண்ணாடியில் இருந்த உரசலில் விரலை வைத்தாள்.

“இது எப்ப?”

“வீட்டு கேட்டுல உரசுனது.”

கதவில் ஒரு கோடு.

“இது?”

“கோயில் வாசல்ல எவனோ கிழிச்சிட்டுப் போயிட்டான்.”

பம்பர் முனையில் ஒரு நசுங்கல்.

“இது?”

ஆவுடையப்பன் யோசித்தார். அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் இடது பக்கம் போய் முன்னாலிருந்து பின்னால்வரை தடவிக்கொண்டே நடந்தாள். ஒரு கீறல் இல்லை.

லைட்டை அணைத்தாள்.

“இங்கன வாங்க. செவுத்தைப் பாத்து நில்லுங்க.”

நின்றார்.

“இடது கண்ணைக் கையால பொத்திக்கிடுங்க. நல்லா, வெளிச்சம் புகாம.”

“லைட்டுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சொன்னதைச் செய்யுங்களேன். நான் போய் லைட்டைப் போடுதேன். செவுத்துல வெளிச்சம் விழுந்ததும் சொல்லுங்க, போதும்.”

இந்தப் பொம்பளையிடம் வாய் கொடுத்து ஆகாது என்று பொத்திக்கொண்டார். எல்லாம் இருட்டானது. ஷட்டர் இறங்கியிருக்கிறதே, இருட்டாகத்தான் இருக்கும். கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு வெளுப்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. ஷட்டர் இடுக்கில் வருகிற வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

மின்விசிறி கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

“ம். போடு.”

பதில் இல்லை.

“போடும்மா. நேரமாகுது.”

பதில் இல்லை.

“என்ன டீச்சர், பேட்டரி இறங்கிட்டா? ஆறு பிள்ளைக காத்துக் கிடக்கும், நீ என்னடான்னா...”

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. ஜெபக்கனி பேசினாள். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை.

“அப்பவே போட்டுட்டேன் அண்ணாச்சி. ரெண்டும் எரியுது.”

ஆவுடையப்பன் கையை எடுத்தார்.

சுவரில் வெளிச்சம் பளீரென்று கிடந்தது. சிமெண்டுப் பூச்சில் இருந்த வெடிப்புகள்கூடத் தெரிந்தன.

மறுபடி இடது கண்ணைப் பொத்தினார். சுவர் போய்விட்டது.

எடுத்தார். வந்தது.

பொத்தினார். போய்விட்டது.

கையை இறக்கி, காரின் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். தன் வலது கண் போனது இருக்கட்டும், அந்தப் பயம் பிறகு வீட்டுக்குப் போய் வரட்டும். ஒரு மாசமாக, இல்லை, எத்தனை மாசமாகவோ, ஆறு பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கின்றன. நேற்றுகூட.

“மணி என்னம்மா?”

“அஞ்சே முக்கால்.”

ஸ்டூலைத் துழாவி இழுத்து உட்கார்ந்தார்.

“சாவி வண்டியிலதான் இருக்கு. இன்னைக்குப் பிள்ளைகளை நீ கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டுட்டு வா, டீச்சர். நான் இங்கனயே இருக்கேன்.”