ஒரு நாள் சந்தோஷம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, வேலை செய்கிறவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஆராய ஒரு பேராசிரியை வருவதாக இருந்தது. முதலாளி ராமலிங்கம் முந்தின நாளே எல்லோரையும் கூட்டினார்.

"நாளைக்கு ஒவ்வொருத்தரும் பத்துக்குப் பத்து போடணும். பொய்னு அந்தம்மாவுக்குத் தெரியவும் கூடாது!"

பனியனில் நூல் பிசிறு வெட்டும் செல்லக்கிளி எழுந்தாள்.

"போட்டுடலாமுங்க. அந்தம்மா பக்கத்துக் கம்பெனியில 'நேத்து எப்படி இருந்தீங்க'ன்னுதான் கேட்டாங்களாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கே விட்டீங்கன்னா, பொய்யே சொல்ல வேண்டாமுங்க."

வேறு வழியில்லாமல் விட்டார். அன்று வெளிச்சம் இருக்கும்போதே செல்லக்கிளி மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

மறுநாள் எல்லாத் தாளிலும் பத்து. பேராசிரியை ஆச்சரியப்பட்டு, "நேத்து அப்படி என்னம்மா விசேஷம்?" என்றார்.

"அஞ்சு மணிக்கு விட்டாங்க. மூணு வருஷத்துல முதல் தடவைங்க," என்றாள் செல்லக்கிளி. பேராசிரியை அதையும் எழுதிக்கொண்டார். முதலாளிக்கு முகம் சுருங்கிப்போனது.

அன்று ஐந்து மணிக்கு மிஷின்கள் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த சுந்தரி, "முதலாளி வாயையே அடைச்சிட்டியேக்கா!" என்று சிரித்தாள்.

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வரவில்லை. "எதைக் கேட்டிருந்தாலும் அப்பக் குடுத்திருப்பாரு, சுந்தரி. நான் போய் ஒரே ஒரு நாளைக் கேட்டுட்டேனே."