ஆற்றுச் செய்தி

அந்த நாட்டில் ஆறுகளுக்கு ஓர் அலுவலகம் இருந்தது. தானியக் களஞ்சியங்களுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று. ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. மக்களுக்கு எதுவுமே தெரியாது. அதனால் எல்லாத் தகவல்களையும் ஓரிடத்தில் சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல ஒரு பொது அலுவலகத்தை அரசியார் அமைத்தார். நப்பின்னையை அதற்குத் தலைவியாக்கினார்.

ஆறுகளின் அதிகாரி ஆதனுக்கு அது பொறுக்கவில்லை. இருவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். முன்பெல்லாம் நீர்வரத்து கேட்டு உழவர்கள் அவன் வாசலில் காத்திருப்பார்கள். இப்போது அவள் வாசலில் நின்றார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனான்.

ஒருநாள் காலை ஆசிரியரைத் தேடிப் போனான்.

"ஐயா, நப்பின்னைக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது" என்றார் ஆசிரியர். "ஆறு எப்படி இருக்கிறது?"

ஆதன் முகம் மலர்ந்தது. மலையில் பெருமழை பெய்ததையும் ஏரிகள் நிரம்பி வழிவதையும் விவரமாகச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் வெள்ளம் கரையோர ஊரான மணற்பாடிக்குள் புகுந்துவிடும் என்றான்.

"அவளிடம் சொல்லிவிட்டாயா?"

"இல்லை. மதியம் அரசியாரிடம் நானே நேரில் சொல்லப்போகிறேன். அவளுக்கு நாளைக்குச் சொன்னால் போதும்."

ஆசிரியர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"எங்கே போகிறீர்கள்?"

"மணற்பாடிக்கு."

மணற்பாடி வெகுதூரம். ஆசிரியருக்கோ முழங்கால் வலி. கொஞ்சதூரம் பின்னாலேயே போன ஆதனுக்கு வெட்கமாகிவிட்டது. எதிரே வந்த குதிரைக்காரனை நிறுத்தி, நப்பின்னைக்குச் செய்தி சொல்லி அனுப்பினான்.

மதியமே அவள் ஆட்கள் மணற்பாடியில் பறையறைந்தார்கள். வெள்ளம் வந்தபோது ஊர் மக்கள் மேட்டில் இருந்தார்கள். வீடுகள் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. எல்லோரும் நப்பின்னையைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஆசிரியருடன் நின்ற ஆதனுக்கு மறுபடியும் பொறுக்கவில்லை.

"செய்தி என்னுடையது, ஐயா. பெயர் அவளுக்கு."

ஆசிரியர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பதவிக்கு ஆள் தேடியபோது, அரசியார் உங்கள் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாராமே?"

"ஆமாம். உனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பாய் என்றார்."

"அவள் பலர் பெயரைச் சொன்னாளாம். முதலில் சொன்னது உன் பெயரை. நீ யாரைச் சொன்னாய்?"

"யாரையும் சொல்லவில்லை, ஐயா" என்றான் ஆதன்.