பதினேழாவது பிரிண்ட்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபது முடியப்போகிறது. முறைப்படி பார்த்தால் தலைகீழ்தான். ஆனால் கலர் விஷயத்தில் பாளையங்கோட்டையில் ரூபியை விட்டால் கேட்க வேறு ஆள் இல்லை.

ரூபி ஒரு கலர் லேபில் இருபது வருடமாகப் படங்களுக்கு நிறம் திருத்துகிறவள். ஆசைப்பட்டுக் கேட்டு வருகிற நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் டீச்சர். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். சில சமயம் கேட்டதற்கே பேசமாட்டாள்.

பிரமநாயகம் தபால் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கியவர். ஓய்வு கிடைத்த கையோடு ஒரு கேமரா வாங்கினார். கேமராவுக்காகக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்காகப் பிரிண்டர். எல்லாமே விலை கொடுத்து வாங்கிய வம்பு.

அவருக்கு மணிவிழா வைத்திருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு நாள். மண்டப வாசலில் மனைவி ஆவுடையம்மாளின் படம் ஒன்றைப் பெரிதாக வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முப்பத்துநாலு வருடத்தில் அவளை உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவளை அரக்குப் பட்டு உடுத்தச் சொல்லி, மொட்டைமாடியில் நிறுத்தி, ஒரு படம் எடுத்துவிட்டார். வேறு எவனிடமும் கொடுக்காமல் தன் கையாலேயே பிரிண்ட் போடுவது என்று முடிவு.

ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு வந்து படத்தை மேஜைமேல் போட்டார்.

"திரையில பாத்தா மகாலட்சுமி மாதிரி இருக்கா டீச்சர். தாள்ல பாத்தா கரண்ட் போன வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கா."

ரூபி படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நின்றாள். பிரமநாயகம் பின்னாலேயே போனார்.

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"இப்ப நல்லாருக்கே!"

"நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலையே. வெளிய கொண்டாந்திய, அவ்வளவுதான்."

"திரைக்கு உள்ளயே விளக்கு எரியுது. தாளுக்கு நாமதான் வெளிச்சம் காட்டணும்."

அவர் தலையாட்டினார். புரிந்ததா என்றால், பாதி.

"திரைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளைப் பிடிங்க. ரெண்டு வெள்ளையும் ஒண்ணா வார வரைக்கும் திரையோட வெளிச்சத்தைக் குறைங்க. பிறகு படத்தைத் திருத்துங்க."

வீட்டில் போய்ப் பார்த்தால், திரை கல்யாண ஊர்வலத்து லைட் மாதிரி கொளுத்திக்கொண்டிருந்தது. பாதிக்கும் கீழே இறக்கினார். இத்தனை நாள் இதையா நம்பினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்.

"இருட்டு போயிட்டு டீச்சர். இப்ப மஞ்சள். திரையில அப்படி இல்ல. தாள்ல ஆளே மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி இருக்கா."

"பிரிண்டர்ட்ட என்ன தாள்னு சொன்னிய?"

"தாளை உள்ள வச்சாச்சே. அதுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?"

பிரமநாயகம் போட்டோத் தாளை வைத்துவிட்டு, சாதாத் தாள் என்றே பிரிண்டரை நம்பவைத்திருக்கிறார். முப்பது வருடம் முகவரி சரியில்லாத கடிதங்களோடு மல்லுக்கட்டிய மனிதர்.

"திரையிலயும் நீலம் கூடுதலா வச்சிருப்பிய" என்றாள் ரூபி. "கடையில வரும்போதே அப்படித்தான் வரும். பளிச்சுன்னு தெரியணும்லா."

பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். ஆவுடையம்மாளுக்குப் பின்னால், கொடியில் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"அது என் வேட்டிதான் டீச்சர். எடுக்க மறந்துட்டேன். வெட்டிருதேன்."

"வெட்டாதீங்க. உங்களுக்கு இருக்க ஒரே சாட்சி அதுதான். வேட்டி வெள்ளையா வந்துட்டா மத்ததெல்லாம் சரியா வந்துரும்."

வீட்டுக்குப் போய், இந்த முறை அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தார். திரையின் நீலத்தைக் குறைத்தார். பிரிண்டருக்குத் தாளின் பெயரைச் சொன்னார். வேட்டியைப் பார்த்துப் படத்தைத் திருத்தினார். பன்னிரண்டாவது பிரிண்ட் வெளியே வந்தபோது அதைத் திரையோரம் பிடித்துப் பார்த்தார். வேட்டி வெள்ளை. மாடிச் சுவரின் சாம்பல் அப்படியே சாம்பல். அரக்குப் பட்டு அரக்காகவே இருந்தது. இங்கே பார்த்தாலும் அங்கே பார்த்தாலும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"ஏட்டி ஆவுடை, வந்து பாரு!" என்று கூவினார்.

"பிறகு பாக்கேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

சந்தோஷம் அரைமணி நேரம் தாங்கியது. அதற்குப் பிறகுதான் கண்களைக் கவனித்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. தாளிலும் இருந்தது, திரையிலும் இருந்தது. இத்தனை நாள் திரையின் நீலத்தில் அது அமுங்கிக் கிடந்திருக்கிறது.

மஞ்சளைக் குறைத்தார். கண் வெளுத்தது, வேட்டி நீலமாகிவிட்டது. பழையபடி ஏற்றினார். வேட்டி வெளுத்தது, கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாரடித்தார். சாப்பாடு அங்கேயே வந்தது. காப்பி அங்கேயே வந்தது. மை டப்பா காலியாகி, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் பதினாறாவது பிரிண்டையும் பதினேழாவது பிரிண்டையும் எடுத்துக்கொண்டு லேபுக்குள் நுழைந்தார். இரண்டு நாள் தூங்காத முகம்.

"திரையும் தாளும் ஒத்துவந்துட்டா சார்?" என்று கேட்டாள் ரூபி.

"அச்சு அசலா ஒத்துவந்துட்டு."

"வேட்டி?"

"வெள்ளை."

"பிறகு என்ன?"

"கண்ணு டீச்சர். கண்ணுல மஞ்சள் போக மாட்டேங்கு."

இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது பதினாறு. இதுல கண்ணு வெள்ளை, வேட்டி நீலம். இது பதினேழு. இதுல வேட்டி வெள்ளை, கண்ணு மஞ்சள். ரெண்டும் வெள்ளையா வர நான் எதைத் திருப்பணும்? அதை மட்டும் சொல்லுங்க. எட்டு நாள்தான் இருக்கு."

ரூபி பதினேழாவதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெகுநேரம் பார்த்தாள். இந்தத் தடவையும் டீச்சர் ஏதோ வித்தை காட்டப்போகிறாள் என்று பிரமநாயகம் ஆவலோடு பக்கத்தில் போய் நின்றார்.

"இது என்னைக்கு எடுத்தது சார்?"

"போன வெள்ளிக்கிழமை."

"இன்னைக்குக் காலையில அவங்க கண்ணு எப்படி இருந்துது?"

"எப்படி இருக்கும்? எப்பவும் போலதான்."

"பாத்தியளா?"

பிரமநாயகம் படத்தை எட்டிப் பார்த்தார். ஆவுடையின் கண்ணில் எத்தனை இமைமயிர் என்று கேட்டால் சொல்லிவிடுவார். இடது கண் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம் இருப்பதை இந்த வாரம்தான் கண்டுபிடித்தார். ஆனால் காலையில் அவள் காப்பியை நீட்டியபோது அவர் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகம் இல்லை.

"பாக்கல டீச்சர்."

"ஒழுங்கா சாப்பிடுதாங்களா?"

"நாலஞ்சு நாளா சோறு வேண்டாங்கா. வாசனையே பிடிக்கலங்கா. விசேஷத்து அலைச்சல்னு நெனச்சேன்."

ரூபி படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"பிரிண்டர்ல கோளாறு இல்ல சார். திரையிலயும் இல்ல. கலர் சரியாத்தான் வந்திருக்கு."

பிரமநாயகம் செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டினார். பதினாறாவது பிரிண்டை மேஜையிலேயே விட்டுவிட்டார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார். கையில் இருந்த படத்தைக் கசங்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"டீச்சர், இதைக் கொண்டுபோய் டாக்டர்ட்டக் காட்டட்டுமா? தெளிவா இருக்குல்லா?"

"படம் எதுக்கு சார்? அவங்களைக் கூட்டிட்டுப் போங்க."