குளம் வற்றிய திறப்பு விழா

ஒரு காட்டில், மலைக்கணவாய் ஓரமாக, விலங்குகள் விறகு எரித்து எரித்தே மரங்களைப் பாதியாக்கிவிட்டன. பிறகுதான் புத்தி வந்து காற்றாலைகளை நட்டன. ஆடிக் காற்றில் அவை சுழன்று காடு முழுவதற்கும் வெளிச்சமும் சூடும் தந்தன.

"மார்கழியில் காற்று நின்றுவிடுமே, அப்போது?" என்று கேட்டது ஆமை.

ஆமையே மலையுச்சியில் ஒரு குளம் வெட்டியது. காற்று வீசும்போது மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றியது. காற்று நின்றதும் மதகைக் கொஞ்சமாகத் திறந்தால், விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் தரும். குளம் நிரம்ப நான்கு மாதம் ஆயிற்று.

மார்கழி வந்தது. காற்று நின்றது. கவுதாரி கவலைப்படவில்லை. அது இட்ட பன்னிரண்டு முட்டைகளில் ஆறுதான் அதன் சிறகுக்குள் அடங்கின. மீதி ஆறும் குளத்து மின்சாரத்தில் எரிந்த விளக்கின் சூட்டில் பத்திரமாக இருந்தன.

அரசனான சிங்கத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. தன்னைக் கேட்காமலே குளம் வேலை செய்கிறதே!

"திறப்பு விழா நடக்காத குளம் ஒரு குளமா, அரசே?" என்றது நரி. "மரத்துக்கு மரம் சீரியல் விளக்கு போடுவோம். தங்கள் பிடரி தகதகவென்று மின்ன வேண்டும்!"

"அத்தனை விளக்குக்கும் மின்சாரம்?" என்றது ஆமை.

"அதுதான் குளம் நிறைய இருக்கிறதே!"

"அரசே, அளந்து விட்டால்தான் அது தை வரைக்கும் வரும். கவுதாரியின் முட்டை பொரியவே இன்னும் பத்து நாள் ஆகும்."

"சேமித்ததை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் சேமித்து என்ன பயன்?" என்று சிங்கம் அதட்டியது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

விழா மூன்று நாள் நடந்தது. மதகு அகலத் திறந்தே கிடந்தது. சேமிப்பின் அருமையைப் பற்றிச் சிங்கம் தினமும் பேசியது. மூன்றாம் நாள் மாலை, நரியின் நன்றியுரை பாதியில் இருக்கும்போது, எல்லா விளக்குகளும் அணைந்தன.

கவுதாரி அலறிக்கொண்டு ஓடிவந்தது. "ஐயோ, என் ஆறு முட்டையும் சில்லிட்டுப் போகிறதே! யாராவது ஏதாவது செய்யுங்களேன்!"

"விறகு எரிக்கலாமே?" என்றது நரி. விறகெல்லாம் பனியில் ஊறிக் கிடந்தது.

ஆமை மெல்லத் தலையை நீட்டிச் சிங்கத்தின் பிடரியைப் பார்த்தது. எல்லா விலங்குகளும் அதையே பார்த்தன. சிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அது அப்படியே தரையில் படுத்துக்கொண்டது. விழாவுக்காகச் சீவி மினுக்கிய அந்தப் பிடரிக்குள் கவுதாரி ஆறு முட்டைகளையும் பொத்திவைத்தது.

மீதி ஏழு நாளும் சிங்கம் அசையவில்லை. ஆறாம் நாள் நரி வந்து, "அரசே, குஞ்சுகள் வெளிவரும் நாளில் ஒரு சின்ன விழா..." என்று ஆரம்பித்தது.

சிங்கம் உறுமியது. முட்டை உருண்டுவிடுமே என்று மெதுவாகத்தான் உறுமியது.

நீதி: பெருமைக்காகச் சேமிப்பைக் கரைப்பவர், தேவை வரும் நாளில் தாமே அடைகாக்க வேண்டியிருக்கும்.