மூச்சை வெளியே விடவும்

பூவத்தாங்குடி பேரூராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. லஞ்சம் வாங்குகிறவர்களும் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அந்த ஊருக்கு வந்த சங்கடமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அலுவலகத்தின் தலைவர் செயல் அலுவலர் கிருபாநிதி. அவருக்கு அடுத்தபடி தலைமை எழுத்தர் ஞானசௌந்தரி. வரி வசூலிக்கிறவர் தவசிலிங்கம். எந்தப் பிரச்சினை வந்தாலும் மூவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று ஊருக்குப் பிறகுதான் தோன்றும்.

ஒருநாள் மாவட்டத்திலிருந்து மங்கையர்க்கரசி என்ற அதிகாரி ஜீப்பில் வந்திறங்கினார். அரசுக் கட்டடங்களில் மின்சாரம் வீணாகாமல் பார்ப்பது அவர் வேலை. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாவட்டத்துலேயே அதிகமா கரண்ட் குடிக்கிற கட்டடம் இதுதான். இப்படியே போனா இந்த ஆபீஸை செம்மாம்பட்டி ஆபீஸோட சேர்த்துடுவாங்க."

செம்மாம்பட்டி என்றதும் மூவருக்கும் முகம் செத்துப்போனது. ஏற்கெனவே பூவத்தாங்குடியின் வாரச்சந்தை அங்கே போயிருந்தது. பேங்கும் போயிருந்தது. இனி பிறப்புச் சான்றிதழுக்கும் செம்மாம்பட்டியில் போய் நிற்க வேண்டுமென்றால், பூவத்தாங்குடியில் பிறந்துதான் என்ன பிரயோஜனம்?

"என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம், உயிரைக் கொடுத்துச் செய்யறோம்" என்றார் கிருபாநிதி.

அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டே படபடவென்று சொன்னார். "ஆளில்லாத ரூம்ல லைட்டு, ஃபேன் ஓடக்கூடாது. எல்.இ.டி. பல்பு போடுங்க, கரண்ட் மிச்சமாகும். ஏசியை இருபத்து நாலு டிகிரியில வையுங்க. முக்கியமா, இந்தக் கட்டடத்தால கரியமில வாயு வெளியேறுறது குறையணும். அடுத்த மாசம் வந்து பார்ப்பேன்."

ஜீப் போன தூசி அடங்குவதற்குள் வேலை தொடங்கிவிட்டது.

பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் யாருமில்லை. ஆனால் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. தவசிலிங்கம் சுவிட்சில் கை வைத்தார்.

"கையை எடுய்யா" என்றார் கிருபாநிதி. "மேடம் அணைக்கவா சொன்னாங்க? ஆளில்லாத ரூம்ல ஓடக்கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"அப்ப இங்க இல்லாதது ஆள்தான் சார்" என்றார் ஞானசௌந்தரி.

குடிநீர் வரி கட்ட வந்தவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு அறைக்கு அறை உட்கார வைத்தார்கள். அவர்கள் விசிறிக்குக் கீழே காலை நீட்டி அருமையாகத் தூங்கினார்கள். மறுநாள் தெருவே தலையணையோடு வந்தது.

அடுத்தது பல்பு. ஞானசௌந்தரி கணக்கில் புலி.

"ஒரு பல்பு போட்டா கொஞ்சம் கரண்ட் மிச்சமாகும். நிறையப் போட்டா நிறைய மிச்சமாகும். சுவர் முழுக்கப் போட்டுட்டா, நம்ம செலவு போக செம்மாம்பட்டிக்கே கரண்ட் கொடுக்கலாம் சார்."

"செம்மாம்பட்டிக்குக் கிடையாது" என்றார் கிருபாநிதி கறாராக. "மத்தபடி போடுங்க."

சுவரில், தூணில், பீரோவுக்குப் பின்னால், கக்கூஸில் என்று இண்டு இடுக்கு விடாமல் பல்பு போட்டார்கள். பஸ்ஸில் போன வெளியூர்க்காரர் ஒருவர் கோயில் திருவிழா என்று நினைத்து இறங்கி, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

ஏசி விஷயத்தில்தான் நுணுக்கம் தேவைப்பட்டது. தவசிலிங்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய் கணக்கு வாத்தியாரிடம் பெரிய பாகைமானி ஒன்றை வாங்கி வந்தார். ஸ்டூல் மேல் ஏறி ஏசியை மெல்ல மெல்லச் சாய்த்தார்.

"இருபத்தஞ்சு ஆயிடுச்சு சார்."

"ஒண்ணு இறக்கு."

சாய்ந்த ஏசியிலிருந்து தண்ணீர் நேராகக் கிருபாநிதியின் தலையில் கொட்டியது. அரசாங்கக் காரியம் என்பதால் அவர் முகம் சுளிக்கவில்லை. குடையை விரித்துக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

கடைசியாகக் கரியமில வாயு. இதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டார்கள்.

"அந்த வாயு எங்கேக்கா இருக்கு?" என்றார் தவசிலிங்கம்.

"நாம விடுற மூச்சுலதான். ஸ்கூல்ல படிச்சோமே" என்றார் ஞானசௌந்தரி.

கிருபாநிதி குடைக்குள்ளிருந்து யோசித்தார். "சரி, அது எது வழியா வெளியேறுது?"

"ஜன்னல் வழியாத்தான் சார்."

ஜன்னல்களையெல்லாம் மூடி டேப் ஒட்டினார்கள். சாவித் துவாரத்தில் மெழுகு ஊற்றினார்கள். அப்படியும் தவசிலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை.

"ஊர்ஜனங்க வந்து விடுற மூச்சும் நம்ம கணக்குலதானே சார் சேரும்?"

நியாயமான கேள்வி. வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒரு பலகை ஏற்கெனவே தொங்கியது. அதற்குக் கீழே 'மூச்சையும் வெளியே விடவும்' என்று எழுதிச் சேர்த்தார்கள்.

பூவத்தாங்குடி ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலில் நின்று மூச்சை மொத்தமாக விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பேச முடியாதே! எல்லாம் சைகைதான். மாமனாருக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த ராக்காயி, கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, மாலை போடுவதுபோலக் காட்டினாள். ஞானசௌந்தரி மலர்ந்த முகத்தோடு கல்யாணப் பதிவு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை யார் என்று கேட்க ராக்காயிக்கு மூச்சு இல்லை.

சொன்னபடி அடுத்த மாதம் மங்கையர்க்கரசி வந்தார்.

"மூச்சை விட்டுட்டு வாங்க மேடம்" என்றார் வாசலில் நின்ற தவசிலிங்கம். பிரயாணக் களைப்பைப் பற்றி அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்து அதிகாரி புன்னகையோடு உள்ளே நுழைந்தார்.

உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. கண் கூசும் வெளிச்சம். அறைக்கு அறை குறட்டைச் சத்தம். நடுவில் குடை பிடித்தபடி எழுந்து நின்று வணக்கம் சொன்னார் கிருபாநிதி.

"ஐயோ, முதல்ல ஜன்னலைத் திறங்க!"

"திறந்தா வெளியேறிடும் மேடம்" என்று பதறினார் ஞானசௌந்தரி. "ஒரு மாசமா கஷ்டப்பட்டுச் சேர்த்து வெச்சிருக்கோம்."

"இந்த ஆபீஸை இழுத்து மூடினாத்தான் சரிப்படும்!"

"மூடித்தான் மேடம் இருக்கு" என்றார் கிருபாநிதி பெருமையோடு. "ஒரு பொட்டு ஓட்டை கிடையாது."

அதிகாரிக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் மெயின் சுவிட்சைப் பட்டென்று இறக்கினார். "எல்லாரும் வெளியே போங்க! நான் சொல்ற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது!" என்று கத்திவிட்டு ஜீப்பில் போய் விழுந்தார். அன்றைக்கே மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் ஒன்றும் சொல்லாததால் யாரும் ஒன்றையும் தொடவில்லை. வாசலில் இருந்த புங்கமரத்தடியில் மேஜைகளைப் போட்டுக்கொண்டார்கள். காற்று நன்றாக வந்தது. ராக்காயியும் வாயைத் திறந்து பேசிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் விடுப்பு முடிந்து வருவதற்குள் மாவட்டத்தில் அந்த மாதத்து மின்சாரக் கணக்கைப் பார்த்தார்கள். இருக்கிற அரசுக் கட்டடங்களிலேயே ஒரு யூனிட்கூடச் செலவழிக்காதது பூவத்தாங்குடி அலுவலகம் மட்டும்தான். அதற்கே முதல் பரிசு! அலுவலகம் எங்கேயும் போகாது என்று உத்தரவும், மொட்டைமாடி நிறைய சோலார் பேனலும் வந்தன. ஊரே வெடி வெடித்தது. செம்மாம்பட்டிவரை சத்தம் கேட்க வேண்டும் என்று தவசிலிங்கம் காற்றடிக்கும் திசை பார்த்து வெடித்தார். ஆட்கள் வந்து பேனலை மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து மங்கையர்க்கரசி போன் செய்தார். குரலில் இன்னும் தெம்பு வரவில்லை.

"பேனல்லேர்ந்து கரண்ட் வருதா?"

"எப்படி மேடம் வரும்?" என்றார் கிருபாநிதி வருத்தத்தோடு. "அதை எந்த ஊர் வெயில்ல போட்டு வெச்சிருந்தாங்களோ, பாவிங்க! கருகிப்போய்க் கன்னங்கரேல்னு வந்து சேர்ந்திருக்கு. நாங்க அப்படியே விட்டுடுவோமா? மேலே ஓலைப் பந்தல் போட்டுட்டோம். இப்ப ஒரு பொட்டு வெயில் படாது."

கிருபாநிதியே ஆறுதலாகத் தொடர்ந்தார்.

"நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க மேடம், ஒண்ணும் கவலைப்படாதீங்க. தவசிலிங்கம் மாடியிலதான் இருக்கார். ரெண்டு கோட் சுண்ணாம்பு அடிச்சாச்சு. இன்னும் ஒரு கோட் அடிச்சா பழைய நிறத்துக்கு வந்துடும்."