ஏற்கெனவே திருமணமானவர்

கீழவெட்டிக்குளத்தில் மூளைக்குப் பஞ்சம் வந்த காலம் எது என்று கேட்காதீர்கள். தீர்ந்த காலம் எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. பார்த்த பதினோரு பெண்களும் அவன் ஐந்து நிமிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். கோளாறு தரகர்களிடம்தான் என்று முடிவுகட்டிய அவன், கூட்டாளிகள் பூவலிங்கத்தையும் குழந்தைவேலுவையும் சேர்த்துக்கொண்டு தானே ஒரு கல்யாண இணையதளம் கட்டக் கிளம்பினான்.

அதற்காகச் சேர்ந்த பத்து நாள் கணினி வகுப்பில் ஜெசிந்தா டீச்சர் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தார். பெயரைத் தட்டியதும், 'கல்யாணம் ஆகிவிட்டது என்றால் இதைக் காட்டு, இல்லையென்றால் அதைக் காட்டு' என்று எழுத வேண்டும். ஆகிவிட்டதா என்று கேட்க இரண்டு சமக்குறி. ஒன்று மட்டும் போட்டால் அது கேள்வியல்ல, கட்டளை. ஆகாதவருக்கும் ஆனதாகவே கணினி எழுதிக்கொள்ளும்.

மூன்று மேதைகளும் ஒரு பகல் முழுக்க இதை ஆராய்ந்தார்கள்.

"நல்ல காரியத்துல 'இல்லை'ன்னு ஒரு சொல் வரலாமாவே?" என்றான் குழந்தைவேலு. அந்தப் பகுதியை அழித்தார்கள்.

"கல்யாணம் ஆச்சான்னு ஒரு மனுசன்கிட்ட ரெண்டு தடவையா கேப்பாங்க? மரியாதை வேண்டாமா?" என்றான் பூவலிங்கம். சமக்குறி ஒன்றானது.

சோதனைக்குப் பூவலிங்கத்தின் பெயரைத் தட்டினார்கள். 'ஏற்கெனவே திருமணமானவர்' என்று வந்தது. அவனுக்கு மூன்று பிள்ளைகள், ஆகவே சரி. அவன் வீட்டு எருமையின் பெயரைத் தட்டினார்கள். அதுவும் திருமணமானதாம். போன மாதம்தான் கன்று போட்டிருந்ததால் அதுவும் சரியென்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த வாரமே பழைய தரகர் தென்காசியில் ஒரு பெண்ணைக் காட்டினார். செண்பகவல்லி, தபால் நிலையத்தில் வேலை. ஆவுடையப்பன் பயத்தில் வாயே திறக்காததால் அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. தட்டு மாற்றலாம் என்றார் அவள் அப்பா. இத்தனை வருடம் காத்திருந்தது கைகூடிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா பாவி? எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கைபேசியில் தங்கள் இணையதளத்தைத் திறந்து அவள் பெயரைத் தட்டினான். 'ஏற்கெனவே திருமணமானவர்' என்று வந்ததை அவளிடமே நீட்டிக் காட்டினான்.

"எனக்குக் கல்யாணம் ஆகலை," என்றாள் அவள் பொறுமையாக. "உங்க பேரைப் போட்டுப் பாருங்க, தெரியும்."

போட்டான். 'ஏற்கெனவே திருமணமானவர்.'

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இந்நேரம் விளங்கியிருக்கும். அவன் எழுந்து கைகூப்பினான்.

"மன்னிக்கணும் மாமா. எனக்குக் கல்யாணம் ஆனது தெரியாம உங்க வீட்டுப் பஜ்ஜியைத் தின்னுட்டேன்."

பெண் பார்க்கக் கூடவே வந்திருந்த கூட்டாளிகள் இருவரும் அவன் நேர்மையை மெச்சியபடியே பின்னால் வந்தார்கள். பேருந்து நிலையத்தில் பூக்காரியைக் கண்டதும் ஆவுடையப்பன் நின்றான். கல்யாணமானவன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று நாலு முழம் மல்லிகை கேட்டான்.

"வாடாத பூவா பாத்துக் குடுங்கம்மா," என்றான். "வீட்டுக்காரி யாருன்னு இனிமேத்தான் விசாரிக்கணும்."