புகை வந்தால்தான் ராஜாவுக்குச் சாப்பாடு

ரொம்பக் காலத்துக்கு முன்னே கடலோரத்தில் கரும்பனை நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட ராஜா கொற்றவர்மனுக்கு மீசை ஒரு முழம், ரோஷம் ஒன்பது முழம்.

அந்த வருஷம் புயல் வந்து வயலையும் களஞ்சியத்தையும் வாரிக்கொண்டு போனது. அரண்மனைக்குள் மட்டும் கொஞ்சம் மிச்சம். ஊர் கிடக்கிற கிடையைக் கேள்விப்பட்டு, அக்கரைச் சங்குத்தீவு ராஜா கப்பல் கப்பலாக அரிசி அனுப்பிவைத்தார்.

மந்திரி வெண்காடருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தளவாய் சூரப்பன் விடுவானா? மந்திரி பதவி மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, அந்நியன் முன்னால் கை நீட்டுவதா? ஊர் உலகம் சிரிக்காதா?" என்று ஏற்றிவிட்டான்.

ராஜாவின் மீசை துடித்தது. "இது கொடுத்த கை, நீளாது! நாளைச் சாயங்காலம் காற்று திரும்பியதும் கப்பலும் திரும்பட்டும்!"

வெண்காடர் யோசித்தார். பிறகு குனிந்து வணங்கினார். "உத்தரவு. நாளைக்கு முடிசூட்டு நாள். எல்லாம் வழக்கப்படிதானே, மகாராஜா?"

"பின்னே? நெய்ச்சோறு மறந்துவிடாதீர்!"

அந்த நாட்டு வழக்கம் என்னவென்றால், முடிசூட்டு நாளில் ஊர் அடுப்பெல்லாம் புகைவதை மாடியிலிருந்து பார்த்த பிறகுதான் ராஜா வாயில் பருக்கை வைக்கலாம். வருஷா வருஷம் விடியும்போதே புகை கிளம்பிவிடும். அதனால் ராஜாவுக்கு அந்த வழக்கமே மறந்துபோயிருந்தது.

மறுநாள் மாடியேறினார். புகையில்லை. வெயில் ஏறியது. அப்போதும் இல்லை. கீழே சமையல்கட்டிலிருந்து நெய்வாசனை மட்டும் வந்து மூக்கைக் கிள்ளியது.

"வெண்காடரே, ஒரே ஒரு வாய்..."

"முப்பாட்டன் வழக்கம், மகாராஜா. மானம் போய்விடுமே!"

இதைக் கேட்டதும் சூரப்பன் ஓடினான். வீட்டுக்கு வீடு ஈர வைக்கோலைக் கொடுத்து, "ம்... கொளுத்துங்க!" என்று அதட்டினான். ஊரே புகைந்தது.

"புகை வந்தாச்சு! இலையைப் போடு!" என்று குதித்தார் ராஜா.

வெண்காடர் மூக்கை உறிஞ்சினார். "இத்தனை அடுப்பு எரிகிறது, சோற்று வாசனை காணோமே? ஏதோ புதுச் சமையல் போல. ருசி பார்த்துவிட்டு வருவோமா?"

ராஜா இருமிக்கொண்டே முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். காத்தாயி என்பவள் வீடு. அடுப்பில் பானையைப் பார்த்ததும் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "தாயே, எது இருந்தாலும் ஒரு பிடி போடு!" என்று இரண்டு கையையும் ஏந்திவிட்டார்.

"பானையில தண்ணி, அடுப்புல தளவாய் ஐயா குடுத்த வைக்கோல். எதைப் போடட்டும் சாமி?"

ராஜா ஏந்திய கையோடு பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மகாராஜா, கை நீண்டிருக்கிறதே" என்றார் வெண்காடர், மெல்ல.

ராஜா தன் கையையே பார்த்தார். "அரை நாளைக்கே இப்படி என்றால், இவர்கள்..." புகையோ என்னவோ, கண் கலங்கியது. சட்டென்று கத்தினார்: "காற்று திரும்புவதற்குள் ஓடும், வெண்காடரே! கப்பலை நிறுத்தும்!"

சாயங்காலம் தெருவுக்குத் தெரு கஞ்சித்தொட்டி. ஊர் அடுப்புகளிலும் உண்மைப் புகை. ராஜா தன் முத்துமாலையை வெண்காடர் கழுத்தில் போட்டுவிட்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார். கரண்டியோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தவன் யார்? நம்ம சூரப்பன்தான்!

ராஜா கிண்ணத்தை நீட்டினார். "ஏன் சூரப்பா, யாராவது சிரித்தார்களா?"

"இல்லை மகாராஜா," என்றான் சூரப்பன், தலையைத் தொங்கப்போட்டு. "எல்லார் வாயிலும் கஞ்சி."